ஏழாவது மலைக்கு ஒரு டைம்டேபிள்

மொரப்பூரில் வளர்ந்தவனுக்கு இரண்டு விஷயம் தானாகவே வந்துவிடும். ஒன்று, வருகிற ரயில் சேலம் பக்கம் போவதா, ஜோலார்பேட்டை பக்கம் போவதா என்று சத்தத்தை வைத்தே சொல்வது. இரண்டு, கண்ணில் படுகிற மலையையெல்லாம் பார்த்து, 'அந்த உச்சியில நின்னா நம்ம ஊரு தெரியுமா?' என்று யோசிப்பது.

யோசிக்காமல் எப்படி இருக்க முடியும்? மேற்கே வத்தல்மலை. தென்மேற்கே சேர்வராயன். தென்கிழக்கே சித்தேரி. கிழக்கே, அரூருக்கு அந்தப் பக்கம் தீர்த்தமலை. இத்தனை மலைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு தினம் சேலத்துக்கு சீசன் டிக்கெட்டில் போய் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறவனுக்கு ஒரு நாள் ரத்தம் கொதிக்கத்தான் செய்யும்.

கொதித்தது. நாலு பேருக்கு. எல்லாரும் முப்பதுக்குள். ஒருவர் கேஷியர், ஒருவர் பைனான்ஸ் கம்பெனி, ஒருவர் கூரியர் ஆபீஸ், ஒருவர் 'சிஸ்டம்ஸ்' (என்ன வேலை என்று கேட்டால் 'சிஸ்டம்ஸ்ணா' என்பார். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை).

"அண்ணா, ஒரே நாள்ல நாலு மலை! காலைல தீர்த்தமலை, அப்புறம் சித்தேரி, மத்தியானம் ஏற்காடு போயி சேர்வராயன் கோயில், சாயங்காலம் வத்தல்மலை. செல்லுல மேப்பு போட்டாச்சு. வாட்ஸ்அப் குரூப்புக்குப் பேரும் வெச்சாச்சு."

"என்ன பேரு?"

"சிகரம் ஃபோர்!"

"ஒரு மலையிலேர்ந்து இன்னொரு மலைக்கு எப்படிப் போவீங்க?"

"பைக்லதான்."

"அப்ப நடக்கறது எங்கே வருது தம்பி?"

கூரியர் தம்பி கொஞ்சம் யோசித்தார். "பைக்கை நிறுத்திட்டு நடப்போம்ல!"

நியாயம். தப்பு அவர்கள் மேலே இல்லை, பூகோளத்தின் மேலே. நம்ம பக்கத்து மலைகள் எல்லாம் கல்யாணத்தில் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றிலிருந்து இறங்கி, சமவெளிக்கு வந்து, டீ குடித்து, பெட்ரோல் போட்டு, அடுத்ததற்குப் போகவேண்டும். இதில் நாள் முழுக்க ரோட்டில்தான் போகும். அதிலும் சேர்வராயன் கோயில் இருப்பது ஐயாயிரம் அடிக்கு மேலே என்றாலும் பக்கம் வரை ரோடு போகிறது. ஜீன்ஸ் பேண்ட் கசங்காமல் சிகரம் தொடலாம்.

ஒரே நாளில் பல சிகரம் ஏறவேண்டும் என்றால் முதல் விதி இதுதான்: சிகரங்கள் ஒரே முதுகில் இருக்கவேண்டும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக அடிவாரம் வரை இறங்கக் கூடாது. நடுவில் இருக்கும் பள்ளத்துக்கு இறங்கி மறுபடி ஏறினால் போதும் என்கிற மாதிரி அமைந்திருக்கவேண்டும். மேப்பில் சிகரத்தைப் பார்க்கிறவன் பாதி பார்த்தவன். நடுவில் இருக்கிற பள்ளத்தைப் பார்க்கிறவன்தான் முழுசாகப் பார்த்தவன்.

* * *

பள்ளத்தைப் பார்த்தவர் ஒருத்தர் இங்கிலாந்தில் இருந்தார். பாப் கிரஹாம் என்று பெயர். கெஸ்விக் என்ற சின்ன ஊரில் விருந்தினர் விடுதி நடத்தினார். ஒலிம்பிக் வீரர் இல்லை. பனிமலை ஏறி மெடல் வாங்கியவரும் இல்லை. 1932 ஜூன் மாதம், 24 மணி நேரத்துக்குள் அந்தப் பக்கத்து மலைச் சிகரங்கள் 42-ஐ ஏறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தார்.

நாற்பத்திரண்டு! தட்டச்சுப் பிழை இல்லை.

என்ன உடை தெரியுமா? நீளமான அரை டிராயர், பைஜாமா சட்டை, காலில் டென்னிஸ் ஷூ. சாப்பாடு ரொட்டி வெண்ணெய், அரைவேக்காட்டு முட்டை, பழம், கொஞ்சம் மிட்டாய். நம்ம சிஸ்டம்ஸ் தம்பி இதைக் கேட்டுவிட்டு, தான் ஆன்லைனில் ஆர்டர் போட்டிருந்த ஆறாயிரம் ரூபாய் ஷூவை உடனே கேன்சல் செய்யலாமா என்று கேட்டார். வேண்டாம் தம்பி. அவருக்கு அந்த மலைகள் வீட்டுக் கொல்லை மாதிரி. நமக்கு அப்படியில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்திலேயே உயரமான சிகரம் ஸ்கேஃபெல் பைக். பாப் கிரஹாமின் பட்டியலில் அதுவும் உண்டு. அதன் உயரம் சுமார் 3,200 அடி. ஏற்காட்டில் ஏரிக்கரையில் நின்று மக்காச்சோளம் கடிக்கிறவர் அதைவிட ஆயிரம் அடிக்கு மேலே உயரத்தில் நிற்கிறார்!

"அட, இவ்வளவுதானா!" என்று பைனான்ஸ் தம்பி உட்கார்ந்த இடத்திலிருந்தே மீசையை முறுக்கினார்.

இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். சிகரத்தின் உயரம் வேறு. நாம் ஏறும் உயரம் வேறு. உங்கள் ஆபீஸ் மூணாவது மாடியில் இருக்கிறது. ஒரு தடவை ஏறினால் மூணு மாடி. பியூன் ஒரு நாளைக்குப் பத்து தடவை ஏறி இறங்குகிறார். அவர் ஏறியது முப்பது மாடி. ஆனால் அவரிடம் போய், 'எவ்வளவு உயரத்தில் வேலை?' என்று கேட்டால், 'மூணாவது மாடி சார்' என்றுதான் சொல்வார்.

பாப் கிரஹாம் அந்த பியூன் மாதிரி. 42 சிகரத்திலும் ஏறி இறங்கி ஏறியதைக் கூட்டினால் சுமார் 27,000 அடி வருகிறது. எவரெஸ்ட் 29,032 அடி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ எவரெஸ்ட் ஏறின கணக்கு. நடந்த தூரம் சுமார் 106 கிலோமீட்டர். அவருக்குப் பிறகு அதே சுற்றை இன்னொருத்தர் 24 மணி நேரத்துக்குள் முடிக்க 1960 வரை ஆனது. இருபத்தெட்டு வருஷம்! 2018-ல் ஸ்பெயின் நாட்டு கிலியன் ஜோர்னே 12 மணி 52 நிமிஷத்தில் ஓடி முடித்தார். அவரை மனுஷக் கணக்கில் சேர்ப்பதா என்பதை வாசகர்கள் முடிவுக்கு விட்டுவிடுகிறேன்.

ஆக, இரண்டாவது விதி: கூட்டல் போடு. ஒவ்வொரு ஏற்றத்தையும் தனித்தனியாக எழுதிக் கூட்டு. திரும்பி வரும் வழியிலும் ஏற்றம் உண்டு என்பதை மறக்காதே.

* * *

"சரிண்ணா, நம்மூருக்கு இங்கிலாந்து ஒத்து வராது. ஒரே முதுகுல நாலஞ்சு மலை இங்க எங்க இருக்கு?"

எங்கேயா? மொரப்பூரில் ரயில் ஏறி கோயமுத்தூரில் இறங்கு. காந்திபுரத்தில் பூண்டி பஸ்ஸைப் பிடி. வெள்ளியங்கிரி! நாலு என்ன, ஏழு மலை. நம்ம ஜனங்கள் பாப் கிரஹாமைக் கேள்விப்படாமலே, பைஜாமா சட்டையும் போடாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூங்கில் தடியை ஊன்றி, ஒரே ராத்திரியில் ஏழு மலை ஏறி, விடியும்போது சுயம்பு லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பாட்டன் காலத்திலிருந்து நடக்கிற சமாசாரம். குரூப்புக்குப் பேர்கூட வைப்பதில்லை.

அடிவாரத்தில் பூண்டிக் கோயில். அங்கிருந்து கல்படி. முதல் மலை முடிகிற இடத்தில் வெள்ளை விநாயகர். அப்புறம் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை. கை தட்டினால் தண்ணீர் சுரக்கும் என்பது ஐதீகம். (தட்டுங்கள், ஆனால் பாட்டிலும் கொண்டு போங்கள்.) வழியில் ஒரு இடத்தில் 'பீமன் களியுருண்டை' என்று பெரிய உருண்டைப் பாறை. ராகிக்களி தின்று வளர்ந்த தர்மபுரி ஜில்லாக்காரன் அதைப் பார்த்தவுடன் இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்பான். பக்தியா, பசியா என்று சொல்ல முடியாது.

ஆறாவதில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே ஆண்டி சுனைக்கு இறங்கவேண்டும். ஆறாவது மலை இறக்கம் என்றால் எல்லாருக்கும் சந்தோஷம். 'அப்பாடா!' என்று துள்ளிக்கொண்டு இறங்குவார்கள். ஏழாவதில் ஏறி, சாமி பார்த்து, களைத்துப் போய்த் திரும்பும்போது அதே இறக்கம் ஏற்றமாக எதிரே நிற்கும். போகும்போது கொடுத்த கடனை வட்டியோடு கேட்கும். பைனான்ஸ் தம்பிக்கு இது உடனே புரிந்தது.

* * *

இனி நேரக் கணக்கு. காகிதம் பேனா எடுத்துக்கொள்ளவும்.

1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு சூத்திரம் சொன்னார். இன்றைக்கும் மலை ஏறுகிற உலகம் இதை வைத்துத்தான் ஆரம்பிக்கிறது. மூணு மைலுக்கு ஒரு மணி நேரம். அதுபோக ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். நம்ம கணக்கில், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. செங்குத்தான இறக்கமாக இருந்தால் ஆயிரம் அடிக்குப் பத்து நிமிஷம் கூடுதலாகப் போட்டுக்கொள் என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். முட்டி வலி தெரிந்தவர்கள் போலிருக்கிறது.

வெள்ளியங்கிரி ஒரு வழி சுமார் ஆறு கிலோமீட்டர். ஏற்றம் சுமார் நாலாயிரம் அடி. நெய்ஸ்மித் கணக்குப்படி தூரத்துக்கு ஒன்றேகால் மணி, ஏற்றத்துக்கு இரண்டு மணி. மொத்தம் மூணேகால் மணியில் உச்சி. இறங்க இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. ஐந்தேகால் மணி நேரத்தில் ஏழு மலையும் முடிந்தது!

"அவ்ளோதானாண்ணா? அப்ப சாயங்காலம் மருதமலையும் போட்டுடலாமே!"

பொறுங்கள் தம்பி. நெய்ஸ்மித் சொன்னது நெய்ஸ்மித்துக்கு. நல்ல உடற்கட்டு, நல்ல பாதை, நல்ல வானிலை. நம்ம நிலைமை என்ன? காலையில் ரயிலில் நின்றுகொண்டு, பகலில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மாலையில் ரயிலில் தூங்கிக்கொண்டு வாழ்கிறோம். வாரத்தில் ஒரே ஏற்றம் பரோட்டா விலை ஏற்றம். போதாக்குறைக்கு ராத்திரி, டார்ச் வெளிச்சம், படியில் கூட்டம். சனி ஞாயிறிலும் பௌர்ணமியிலும் முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் ஏறவேண்டும். ஆகவே எதையும் ஒன்றரையால் பெருக்கு. மூணேகால் என்பது ஐந்து மணி. உட்கார ஒரு மணி. ஏற ஆறு மணி நேரம். இறங்க, உட்காருவதையும் சேர்த்து, நாலு.

இதை வைத்து ரயில்வே டைம்டேபிள் மாதிரியே எழுதிவிட்டோம். மொரப்பூர்க்காரனுக்கு வேறு எது புரியும்?

பூண்டி அடிவாரம்: புறப்பாடு இரவு 11.00
வெள்ளை விநாயகர்: 12.15
கைதட்டிச் சுனை: 2.00
ஆண்டி சுனை: 4.15
ஏழாவது மலை: வருகை 5.00, புறப்பாடு 6.30
பூண்டி அடிவாரம்: வருகை காலை 10.30

"எட்டு மணிக்கே கெளம்பிட்டா சீக்கிரம் போயிடலாமேண்ணா?" என்றார் கூரியர் தம்பி. தொழில் புத்தி.

போகலாம். ராத்திரி இரண்டு மணிக்கு உச்சியில் இருப்பீர்கள். வியர்வையில் நனைந்த சட்டை, ஏழாவது மலைக் காற்று, விடிய நாலு மணி நேரம். பல்லெல்லாம் தந்தி அடிக்கும். மலையில் லேட்டாகப் போவது மட்டுமல்ல, ரொம்ப சீக்கிரம் போவதும் திட்டக் கோளாறுதான். பையில் ஒரு உலர்ந்த சட்டை, ஒரு குரங்குக் குல்லா, ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக்கை அடிவாரத்திலேயே சோதனை போடுகிறார்கள்; எவர்சில்வர் பாட்டில் நல்லது. புளிசாதம், கடலை மிட்டாய், உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீர். செல்போன் டார்ச்சை நம்பாதீர்கள்; அவசரத்துக்கு போன் செய்ய சார்ஜ் இருக்காது. தலையில் மாட்டுகிற டார்ச் தனியாக வேண்டும், மாற்று பேட்டரியோடு.

அப்புறம், முதல் மலையில் யாரும் வீரம் காட்டக் கூடாது. அதுதான் படி செங்குத்தாக இருக்கிற மலை. அதே மலையில்தான் எல்லாருக்கும் தெம்பும் இருக்கும். அங்கே பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு நின்றால் காலும் நிற்கவேண்டும்.

பயிற்சிக்கு நம்ம தீர்த்தமலை இருக்கவே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடியிலிருந்து கோயில் வரை ஏறி இறங்கி, டீ குடித்துவிட்டு இரண்டாம் தடவையும் ஏறி இறங்கு. இரண்டாம் தடவை எவ்வளவு நேரம் கூடுதலாகிறதோ, அதுதான் உன் உண்மையான வேகம். நெய்ஸ்மித்தை விட அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நன்றாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்.

* * *

இது வரை சிரித்தோம். இனி கொஞ்சம் சிரிக்காமல்.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. அன்று மலைக்குப் போனவர்களும் உங்களை மாதிரிதான். வார விடுமுறை, நண்பர்கள், ஆபீஸ் தோழர்கள், தோளில் பை. காய்ந்த புல் மலை. மதியத்துக்கு மேல் காட்டுத் தீ. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் பிரிந்து ஓடினார்கள். 23 உயிர்கள் போயின. அதற்குப் பிறகுதான் தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனியாக 2018-ல் விதிகள் கொண்டுவந்தது. இன்றைக்கு வனத்துறை அனுமதி இல்லாமல், வழிகாட்டி இல்லாமல் காட்டு மலையில் கால் வைப்பது சட்டப்படியும் தப்பு, புத்திப்படியும் தப்பு. 2024-ல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதிவு செய்துகொண்டு வழிகாட்டியோடு போக ஏற்பாடும் வந்துவிட்டது. மேப்பில் கோடு போடுகிற உற்சாகத்தில் நாம் மறப்பது இதைத்தான்: அந்தக் கோடு போகிற இடம் ஒரு காடு. அதற்கு யானை என்று ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். வெள்ளியங்கிரி அடிவாரமும் யானை நடமாடுகிற இடம்தான்.

இன்னொன்று. வெள்ளியங்கிரியில் 2024 சீசனில் மட்டும் ஏறப்போனவர்கள் பலர் அடுத்தடுத்து மூச்சுத் திணறியும் மாரடைப்பிலும் இறந்தார்கள். இருதயக் கோளாறு, ரத்த அழுத்தம், சர்க்கரை, மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் ஏறவேண்டாம் என்று வனத்துறை சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதைப் படிக்கிற ஒவ்வொருவரும், 'இது யாரோ வயசானவர்களுக்கு' என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போகிறார்கள்.

டைம்டேபிள் எழுதி முடித்து மூணு பேரும் போன பிறகு கேஷியர் தம்பி மட்டும் நின்றார். செருப்பைச் சரி செய்கிற மாதிரி குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"அண்ணா... நான் ஒரு வருஷமா பி.பி. மாத்திரை சாப்பிடறேன். அவனுங்களுக்குத் தெரியாது. சொன்னா ஓட்டித் தள்ளிடுவானுங்க. மெதுவா ஏறினா ஒண்ணும் ஆகாதுல்ல?"

இருபத்தெட்டு வயசு. போன மாதம்தான் பெண் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை. 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. 'முதல்ல உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. ரெண்டாவது, அந்த மூணு பேருக்கும் சொல்லுங்க. ராத்திரி மூணு மணிக்கு அஞ்சாவது மலையில உங்களுக்கு மூச்சு வாங்கும்போது, பக்கத்துல இருக்கறவனுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும்' என்றேன்.

டாக்டர், இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாத்திரை, நடை, உப்பைக் குறை, அடுத்த வருஷம் பார்க்கலாம். சரி, நண்பர்களிடம் சொல்லவேண்டுமே? சொன்னார். ஓட்டினார்களா? இரண்டு நிமிஷம் ஓட்டினார்கள். அப்புறம் பைனான்ஸ் தம்பி கேட்டாராம்: "ஏண்டா, இதை மறைச்சுக்கிட்டா எங்ககூட மேல வர இருந்தே?" அதற்குப் பிறகு யாரும் ஓட்டவில்லை.

இப்போது அவருக்கு ஒரு புது உத்தியோகம் கொடுத்திருக்கிறோம். ஸ்டேஷன் மாஸ்டர்! அடிவாரத்தில் பூண்டியில் இருப்பார். கையில் டைம்டேபிள், மூணு பேர் வீட்டு நம்பர், வனத்துறை நம்பர். மேலே சிக்னல் கிடைக்கும் என்று யாரும் நம்பக் கூடாது. காலை 10.30-க்கு வரவேண்டிய ஆட்கள் 12 மணி வரை வரவில்லை என்றால் யாரையும் கேட்காமல் தகவல் சொல்லிவிடவேண்டியது அவர் பொறுப்பு. கூச்சம், 'இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போமே' எல்லாம் கிடையாது. பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. ஸ்டேஷன் மாஸ்டர் கொடி காட்டினால்தான் வண்டி.

உண்மையில், திட்டத்தில் அதுவரை இல்லாத ஒரு ஓட்டையை அவர்தான் அடைத்தார். நாலு பேரும் மேலே போயிருந்தால், இறங்கி வரவில்லை என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

* * *

டைம்டேபிளின் அடியில் சிவப்பு மையில் மூணு வரி சேர்த்தோம். ஏறுகிற நேரத்தை விட இதற்குத்தான் அதிகம் சண்டை நடந்தது.

ஒன்று: கைதட்டிச் சுனைக்கு மூணு மணிக்குள் வரவில்லை என்றால், அதற்கு மேல் ஏறுவதில்லை. அங்கேயே விடியும் வரை உட்கார்ந்து இறங்குவது.

இரண்டு: எங்கே இருந்தாலும் சரி, காலை ஏழு மணிக்கு முகம் கீழே திரும்பவேண்டும். எதிரே நூறு படியில் சாமி தெரிந்தாலும்.

மூணு: 'நீ மெதுவா வா, நாங்க முன்னால போறோம்' என்கிற வசனம் தடை செய்யப்படுகிறது. எல்லாரிலும் மெதுவாக நடப்பவர் முன்னால். அவர் வேகம்தான் கோஷ்டியின் வேகம். அவர் 'போதும்' என்றால் எல்லாருக்கும் போதும். காரணம் கேட்கக் கூடாது.

இரண்டாவது வரிக்கு சிஸ்டம்ஸ் தம்பி ஒத்துக்கொள்ளவே இல்லை. "அதெப்படிண்ணா, நூறு படிக்காகத் திரும்பறது? அந்த இடத்துல பாத்து முடிவு பண்ணிக்கலாமே?"

அந்த இடத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்காகத்தானே தம்பி இங்கே உட்கார்ந்து எழுதுகிறோம்! அந்த இடத்தில் தூக்கம் இருக்காது, சக்தி இருக்காது, குளிரில் யோசனை ஓடாது. இருப்பதெல்லாம் ஒன்றே ஒன்று: 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே' என்கிற எண்ணம். அது மனுஷனை எதையும் செய்ய வைக்கும். சீட்டாட்டத்தில் தோற்றவன் கடைசி ஆட்டத்துக்கு மோதிரத்தைக் கழற்றுவது அந்த எண்ணத்தால்தான். இங்கே நாற்காலியில், வயிற்றில் டீயோடு, தெளிவான மூளையோடு இருக்கும்போது எழுதிவைத்த நேரம் அங்கே மூளை வேலை செய்யாதபோது உங்களுக்காக யோசிக்கும். நூறு படிக்கு ஒரு தடவை விதியைத் தளர்த்தினால், அடுத்த தடவை ஆயிரம் படிக்குத் தளரும்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குக் குறுகிய ரயில் பாதை போட்டார்கள். 1941-ல் மூடிவிட்டார்கள். 2019-ல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். ஆக, ஒரு வண்டி ரத்தானதால் பயணம் என்கிற ஆசை ரத்தாவதில்லை. எழுபது எண்பது வருஷம் கழித்தும் ஜனங்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். நீங்கள் பிப்ரவரியிலிருந்து மே வரை ஒரு சீசனைத் தவறவிட்டால் அடுத்த பிப்ரவரி வராமலா போகும்?

மலை ஏற நினைக்கிற அன்பர்களே, உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒரு நாலு பேர் கோஷ்டி இருக்கும். இந்நேரம் குரூப்புக்குப் பேர் வைத்திருப்பார்கள். பேர் எதுவாகவும் இருக்கட்டும். சிகரங்களை எண்ணுவதற்கு முன்னால் பள்ளங்களை எண்ணச் சொல்லுங்கள். வனத்துறை இந்த சீசனில் என்ன நேரம், என்ன நிபந்தனை வைத்திருக்கிறது என்று போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கீழே ஒருத்தரை நிறுத்துங்கள். திரும்பும் நேரத்தைச் சிவப்பு மையில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஆபீஸில் எத்தனையோ காகிதத்தில் படிக்காமல் போடுகிறோம், இதிலாவது படித்துப் போடுவோம்.

முக்கியமாக, கோஷ்டியில் யாராவது செருப்பைச் சரி செய்கிற மாதிரி ரொம்ப நேரம் குனிந்து நின்றால், மற்றவர்கள் போன பிறகு அவரிடம் என்ன விஷயம் என்று மெதுவாகக் கேளுங்கள்.